தாயின் தங்கை என்று எழுதியவள்

தம்பி, உன் கறுப்புக் கோட்டின் உள்பையில், பாஸ்போர்ட்டுக்குப் பின்னால் இதை வைக்கிறேன். அதை எடுக்கும்போது இதுவும் கைக்கு வந்துவிடும். அம்மா தமிழில் எழுதியிருக்கிறாவே என்று முகத்தைச் சுளிக்காதே. நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், ஒரு பக்கத்துக்குக் கால் மணித்தியாலம் எடுப்பாய், எல்லாம் தெரியும். மெல்பேர்னிலிருந்து பெர்லினுக்கு ஒரு நாள் முழுக்கப் பறக்க வேண்டும், உனக்கு வேறென்ன வேலை? இங்கிலிஷில் எழுதினால் நாலாவது வரியிலேயே பேனாவை எடுத்துத் திருத்தத் தொடங்கிவிடுவாய். இதை ஒருவரும் திருத்தக்கூடாது. அதோடு, இங்கிலிஷில் நான் எழுதிய மூன்று சொற்களால்தான் இந்தக் கடிதத்தையே எழுத வேண்டி வந்தது.

போன சனிக்கிழமை உன்னை வழியனுப்ப வீட்டில் சமைத்தோம். என் அண்ணாவும் குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து வந்திருந்தார், சிட்னி இறைச்சி மெல்பேர்ன் இறைச்சியைவிடத் திறம் என்று வழக்கம்போல வாதாடிக்கொண்டு. புட்டைப் பிசைந்தபடி உன்னைக் கேட்டார்: "அப்ப மருமகன், அங்க போய் என்ன செய்யப் போறாய்? இஞ்சை வெரிபீயில இருந்து செய்யேலாதோ?" நீ பொறுமையாக விளக்கினாய். "அது ரஷ்யாவில இருக்க விடாத பேப்பர் மாமா. எல்லாரும் வெளியால வந்து பெர்லின்ல இருந்து எழுதுகினம். நான் அவையின்ர இங்கிலிஷ் பக்கத்தைப் பார்க்கப் போறன். வெளிநாட்டு ஆக்கள் வாசிக்கிற மாதிரி." எனக்குப் பெருமையாக இருந்தது. மறுக்க மாட்டேன். பிறகு நீ சொன்னாய்: "ஒரு சோலி மட்டும் இருக்கு. லேனா எண்டு ஒரு ரிப்போர்ட்டர். தன்னை நம்பிக் கதைச்ச ஒரு நேர்ஸைக் காட்டிக் குடுத்திட்டா. டோட்டலி கெயார்லெஸ். அவவின்ர ஸ்டோரி ஒண்டும் எனக்கு வேண்டாம் எண்டு எடிட்டரிட்டச் சொல்லிட்டன்."

காட்டிக் குடுத்தவள். அந்தச் சொல்லை நீ எங்கே பொறுக்கினாய் என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு வந்து போகும் பெரியவர்களின் வாயிலிருந்துதான். நீ அதை, இங்கிலிஷில் ஒரு தொழில் குற்றத்தைச் சொல்வதுபோல, சொன்னாய். மாமாவின் கை சாப்பாட்டுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது. நம் ஆட்களுக்கு அதைவிடக் கெட்ட சொல் கிடையாது. "காட்டிக் குடுத்தவளை ஏன் இன்னும் வைச்சிருக்கிறாங்கள்?" என்று கேட்டார். நான் கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். சட்டியில் பாதிக்கு மேல் கறி இருந்தது, அதை ஏன் தூக்கினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நேர்ஸைக் காட்டிக் கொடுத்தது லேனா இல்லை, தம்பி. நான்.

முதலில் இருந்து சொல்கிறேன், எனக்கு அவசரமாகச் சொல்ல வராது. நான் கார்கிவில் மருத்துவம் படித்தவள் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பட்டத்தை இங்கே ஒருவரும் மதிக்கவில்லை, பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், இருபது வருடத்துக்கு மேலாக மற்றவர்களின் இரத்த மாதிரிக் குழாய்களில் பெயர் சரியா என்று பார்க்கிறேன். அங்கே ஒரு எழுத்துப் பிழைத்தாலும் மாதிரியைத் திருப்பி அனுப்புவோம். சரியாக எழுதுவது எனக்கு ஒரு நோய் போல ஆகிவிட்டது. பிறகு ரஷ்யா போரைத் தொடங்கியது. நான் ரஷ்ய மொழி படித்த ஊரையே அந்த மொழி பேசுகிறவர்கள் குண்டு போட்டு உடைத்தார்கள். என் விடுதி இருந்த தெருவை டிவியில் காட்டினார்கள், எனக்கு அடையாளமே தெரியவில்லை. அந்த மொழியை வாயில் எடுக்கவே அருவருப்பாக இருந்தது. அப்போதுதான் இந்தப் பத்திரிகையைக் கண்டேன். அதே மொழியில் உண்மையை எழுதிக்கொண்டு, அதற்காகவே வீட்டைவிட்டு ஓடிய பிள்ளைகள். மொழிபெயர்க்க ஆள் வேண்டும், சம்பளம் இல்லை என்று போட்டிருந்தார்கள். நான் ஒரு பொய்ப் பெயரில் எழுதிக் கேட்டேன். எல்லோரும் அங்கே பொய்ப் பெயர்தான், அது அவர்களின் விதி.

வெரிபீ ரயிலில் போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். மடியில் கணினியை வைத்து மொழிபெயர்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ வந்து என் இங்கிலிஷை நிமிர்த்துவாய். "அம்மா, இப்பிடி ஒருத்தரும் கதைக்கமாட்டினம்" என்று தலையில் அடித்துக்கொள்வாய். நான் சண்டை பிடிப்பேன். என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலைகளில் அவையும் அடக்கம்.

ஒரு கட்டுரை வந்தது. சின்ன ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரி. காயம் ஆறாத சிப்பாய்களைக் கால் இழுக்க இழுக்கத் திருப்பிச் சண்டைக்கு அனுப்புகிறார்கள். ஊர்ப் பெயர் இல்லை, ஆட்களின் பெயர் எல்லாம் மாற்றியது, எழுதியவரின் பெயர்கூட இல்லை. அங்கே வேலை செய்யும் ஒரு பெண்தான் சொல்லியிருந்தாள். அனுப்பப்பட்ட பெடியன் ஒருவனுக்கு அவள் ரோத்ஸ்த்வென்னித்சா என்று ரஷ்யனில் இருந்தது. சொந்தக்காரி. அவ்வளவுதான், எந்தச் சொந்தம் என்று இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு பொம்பிளை அழுது கதைக்கிறாள், அவள் பெடியனுக்குப் பெரியம்மாவா, சின்னம்மாவா, மாமியா என்று தெரியாமல் அவளின் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. தமிழிச்சிக்கு அது கேட்காது. எழுதியவளிடம், அதாவது லேனாவிடம், செய்தி அனுப்பிக் கேட்டேன். அவள் பதில் எழுதினாள்: தாயின் தங்கை. அதற்குக் கீழே ஒரு சின்ன வரி, எத்தா வாம். இது உங்களுக்கு.

இது உங்களுக்கு. பத்திரிகைக்கு அல்ல, வாசகருக்கு அல்ல, உங்களுக்கு மட்டும். நீங்கள் கேட்டபடியால் சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும் என்பதுதான் பொருள். நான் அதை எப்படி விளங்கிக்கொண்டேன் தெரியுமா? இந்தாருங்கள், உங்கள் மொழிபெயர்ப்புக்கு என்று ஒரு பரிசு தருகிறாள் என்று. நன்றி சொல்லிப் பூப் படம் ஒன்றும் அனுப்பினேன். ஐந்து வருடம் அந்த மொழியில் படித்து, பரீட்சை எழுதி, பிணம் அறுத்து, சண்டை பிடித்துவிட்டு, இரண்டு சொல்லில் தடுக்கி விழுந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்காது. நீ திரையைப் பார்த்துச் சொன்னாய்: "அம்மா, ரஷ்யன்ல ரிலேற்றிவ் எண்டுதானே கிடக்கு? அப்பிடியே விடுங்கோ. ஏன் இழுக்கிறீங்கள்?" நான் பாய்ந்தேன். "உங்களுக்கு ஆரைக் கண்டாலும் அன்ரி. ரோட்டில போறவவும் அன்ரி, கடைக்காரியும் அன்ரி. அவள் அந்தப் பிள்ளைக்கு அன்ரி இல்லை, சின்னம்மா!" நீ கையை மேலே தூக்கினாய். "ஓகே ஓகே, நான் வாய் திறக்கேல்லை." இங்கிலிஷில் தாயின் தங்கை என்று மூன்று சொல் ஏறியது. நீ சொன்னதுதான் சரி. அன்றைக்கு உனக்கு அதைச் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன்.

அந்தச் சின்ன ஊரில் கால் காயத்தோடு திருப்பி அனுப்பப்பட்ட பெடியன்கள் பலர் இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் வேலை செய்யும் பெடியன்களும் இருந்திருக்கலாம். தாயின் தங்கை அங்கே நேர்ஸாக இருக்கும் பெடியன் ஒருவன்தான் இருந்தான். அவளை வார்டிலிருந்தே கூட்டிக்கொண்டு போனார்களாம். இராணுவத்தைப் பற்றிப் பொய் பரப்பினாள் என்று வழக்கு. விசாரணையில் அவளுக்கு முன்னால் வைத்த தாள் இங்கிலிஷில் இருந்ததாம், மூன்று சொற்களுக்குக் கீழே பச்சை மையில் கோடு. அவளுக்கு இங்கிலிஷ் தெரியாது. ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து அவளுக்கு ரஷ்யனில் வாசித்துக் காட்டினார்களாம். அவளின் வழக்கறிஞர் இதை லேனாவுக்குச் சொல்ல, லேனா எனக்கு எழுதினாள். அந்த மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கஷ்டமும் இருந்திருக்காது. அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தேன்.

அவளுக்குச் சிறை. எத்தனை வருடம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, நீ அங்கே போய் அறிந்துகொள். பெடியனைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இதுவரை நான் சொன்னது பிழை. தெரியாமல் செய்தது என்று ஒரு மூலையில் ஒதுங்கிக்கொள்ளலாம். இனிச் சொல்லப்போவது தெரிந்தே செய்தது. லேனா எனக்கு எழுதிய கடைசிச் செய்தியில் இப்படி இருந்தது: நான் உங்களுக்குச் சொல்லாமலே விட்டிருக்க வேண்டும், நீங்கள் உதவிக்கு வந்தவர், அந்தச் சொற்களைப் போடச் சொல்லி நானே கொடுத்தேன் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன், நீங்கள் யோசிக்க வேண்டாம். உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. நாடு போய், வீடு போய், தாய் தகப்பனைப் பார்க்க முடியாமல் இருக்கிறவள். அவள் என் பழியைத் தன் தலையில் தூக்கி வைத்தாள். இல்லை, பிழை என்னுடையது என்று நான் சொல்லவில்லை. நன்றி என்றுகூட எழுதவில்லை. கணினியை மூடி அலுமாரியில் வைத்தேன்.

மொழிபெயர்ப்பை விட்டதற்கு, எனக்குக் கண் சரியில்லை என்று உனக்குச் சொன்னேன். நீ நம்பிவிட்டாய். நம்பினது மட்டுமா, லீவு எடுத்து என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய். நீ வெளியே கதிரையில் இருக்க, நான் உள்ளே எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தேன். டாக்டர் சிரித்தார், இந்த வயதில் இப்படி ஒரு பார்வை இருப்பது கொடுப்பினை என்றார். காரில் ஏறி உனக்கு என்ன சொன்னேன்? "புரை விழத் தொடங்கியிருக்காம், கனக்க வாசிக்கக் கூடாதாம்." அன்று இரவுச் சாப்பாட்டை நீயே சமைத்தாய். என்ன இன்றைக்குப் பெரிய உபசாரம் என்று அப்பா கேட்டார். அவருக்கும் இன்றுவரை ஒன்றும் தெரியாது. பிறகு நீயே அந்தப் பத்திரிகைக்கு எழுதி, என் வேலையில் இங்கிலிஷ் திருத்துகிற பங்கை எடுத்துச் செய்யத் தொடங்கினாய். அம்மா விட்டதை நான் பிடிக்கிறேன் என்றாய். என்னைப் பற்றி அங்கே மூச்சு விடாதே என்று உன்னிடம் சத்தியம் வாங்கினேன். அடக்கம் என்று நீ நினைத்தாய். பயம், தம்பி. வெறும் பயம்.

இனி மாமாவின் கதை ஒன்று. இதை அவர் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு இறைச்சியைப் பற்றித்தான் கதைக்கத் தெரியும். நான் கார்கிவிலிருந்து விடுமுறைக்கு வந்து கொழும்பில், வெள்ளவத்தையில், என் சின்னம்மா வீட்டில் நின்றேன். அண்ணாவும் ஊரில் இருக்க முடியாமல் அங்கேதான் இருந்தார். தமிழ்ப் பெடியன்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த காலம், ஒரு காலை பொலிஸ் வந்தது. அண்ணா பின்மதிலால் ஏறி அடுத்த வீட்டுக் குளியலறைக்குள் போய்விட்டார். சுவரில் ஒரு கலியாணப் படம், அதில் அண்ணாவும் நின்றார். அதிகாரி அவரின் முகத்தில் விரலை வைத்து, இது யார் என்று சிங்களத்தில் கேட்டான். சின்னம்மா, "சொந்தக்காரப் பெடியன்" என்றா. எப்படிச் சொந்தம் என்று கேட்டான். "தூரத்துச் சொந்தம். கலியாணத்துக்கு வந்தவன். பேர் வருகுதில்லை." அக்காவின் மகன் என்று அவ சொல்லியிருந்தால், அடுத்த கேள்வி அக்கா எங்கே என்று வந்திருக்கும். அதற்கடுத்தது, நீ யார் என்று என்னைப் பார்த்து. அவர்கள் போன பிறகு சின்னம்மா நிலத்தில் இருந்து அழுதா. "என்ர பிள்ளையைத் தூரத்துச் சொந்தம் எண்டு சொல்லிப்போட்டனே" என்று அழுதா. அவவை நாங்கள் தேற்றவே முடியவில்லை.

சனிக்கிழமை மேசையில் இருந்து கறியைக் குறை சொன்ன மனிசன், ஒரு சின்னம்மா சரியான சொல்லைச் சொல்லாதபடியால் உயிரோடு இருக்கிறார். அதைக் கண்ணால் பார்த்தவள் நான். பார்த்துவிட்டு, இன்னொரு நாட்டில் இன்னொரு சின்னம்மா அதேபோல ஒளித்து வைத்த சொல்லைத் தோண்டி எடுத்து, வடிவாக இங்கிலிஷில் போட்டேன். அதை நினைத்தால் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உனக்கு நான் புத்தி சொல்லத் தகுதி இல்லை. ஆனாலும் சொல்வேன், தாய் என்றால் அந்த வியாதி போகாது. ஒரு சொல் மங்கலாக இருந்தால் உடனே துடைக்காதே. யாரோ உள்ளே இருந்து கண்ணாடியில் ஊதி மங்கலாக்கி வைத்திருக்கலாம். கேள்வி கேள், விளங்கிக்கொள், ஆனால் உனக்கு விளங்கினதெல்லாம் எழுதுவதற்கு இல்லை. இதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் மழுப்பி எழுதவும் தொடங்காதே. அந்த அரசாங்கம் குண்டு வெடித்தால் 'ஹ்லோபொக்' என்று சொல்லும், கை தட்டினால் வருகிற மாதிரி ஒரு சத்தமாம். அப்படிப்பட்ட சொல்லைக் கண்டால் விடாதே, உரித்துப் போடு. அதிகாரியின் மங்கலைத் துடை. பயந்த மனிசியின் மங்கலில் கை வைக்காதே. எது யாருடையது என்று தெரியாவிட்டால், லேனாவைக் கேள். அவளைவிட அதை நன்றாகத் தெரிந்தவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள்.

அவளின் கட்டுரை வேண்டாம் என்று சொன்னாயே, போனவுடன் ஆசிரியரிடம் அதை மாற்றிச் சொல். இன்று காலை நான் அவருக்கு எழுதிவிட்டேன். ரஷ்யனில் எழுதினேன், ஒரு பிழையும் இல்லாமல். என்ன நடந்தது, லேனா என்ன எழுதினாள், நான் அதை எப்படிப் பிழையாக விளங்கினேன், பிறகு எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன், எல்லாம் எழுதினேன். கீழே பொய்ப் பெயரையும் என் சொந்தப் பெயரையும் ஊரையும் போட்டேன். நீ வாசிக்கும்போது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்த நேர்ஸ் சிறையில் இருந்து வெளியே வர இது ஒரு சதத்துக்கும் உதவாது. லேனாவின் முதுகிலிருந்து ஒரு சுமை இறங்கும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. நீ என் மகன் என்று எழுதவில்லை. உன் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர், என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர். நம் ஆட்கள் பெயர் வைக்கிற முறையில் வெளியாள் ஒருவரும் நம்மை முடிச்சுப் போட முடியாது. புது வேலை, புது ஊர், முதல் நாளிலேயே இவளின் மகன் என்று தெரிய வேண்டுமா என்று நீ யோசிக்கலாம். யோசி. அது நீ எடுக்க வேண்டிய முடிவு, நான் இந்த முறை உனக்காக ஒரு சொல்லையும் போடவில்லை. நீ ஒன்றும் சொல்லாமல் விட்டாலும் நான் கோபிக்க மாட்டேன். கோபிக்க எனக்கு என்ன உரிமை?

ஆனால் லேனா உன்னைக் கேட்பாள் என்று நினைக்கிறேன். நீயும் மெல்பேர்ன், அந்த மனிசியும் மெல்பேர்ன், இரண்டு பேரும் தமிழ் ஆட்கள், அவ உனக்கு யார் என்று கேட்பாள். தெரிந்தவ என்று சொல்லலாம். சொந்தக்காரி என்று சொன்னாலும் பொய் இல்லை. உனக்கு ஆபத்து இருக்கும் இடம் என்றால் நானே அப்படித்தான் சொல்லச் சொல்வேன், தூரத்துச் சொந்தம் என்று சொல்லச் சொல்வேன். அங்கே உன்னை ஒருவரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். வெட்கம் மட்டும்தான் இருக்கும். அதைத் தாங்க முடியுமென்றால், தம்பி, அந்த ஒரு இடத்தில் சரியான சொல்லைப் போடு. அம்மா என்று சொல்.